ஈவோனும் தலைவனும்: நன்னூற் பொதுப்பாயிரத்தின் ஆசிரியர் இலக்கணம் குறித்து

பள்ளித் தலைமை பற்றி மேலைநாட்டார் வகுத்த கோட்பாடுகளைத் தமிழில் எடுத்துரைக்கப் புகுவோர், நன்னூற் பொதுப்பாயிரத்தைத் துணைக்கொள்ளுதல் அண்மைக் காலத்தே பெருவழக்காகியுள்ளது. கருத்தரங்கக் கட்டுரைகள் பலவற்றில் இதனைக் காண்கின்றோம். நிலம், மலை, நிறைகோல், மலர் என ஆசிரியர்க்கு அங்குக் கூறப்பெறும் நான்கு உவமைகளையும் எடுத்துக்கொண்டு, நிலத்தின் பொறையைத் தொண்டுவழித் தலைமையோடும், நிறைகோலின் நடுவுநிலையைக் கலந்தாய்வுத் தலைமையோடும் பொருத்திக் காட்டி, இவற்றையெல்லாம் அன்றே தமிழர் கண்டனர் என முடித்துவிடுவர். முடிவு கேட்பதற்கு இனிதே. ஆயின், இவ்வாறு பொருத்துவதனால் நன்னூலும் விளங்குவதில்லை. தலைமைக் கோட்பாடும் விளங்குவதில்லை. பழைய நூலொன்றிற்குப் புதிய பெயரட்டை ஒட்டுதல் ஆராய்ச்சி ஆகாது. அந்நூல் தன் காலத்துச் சொன்னது யாது, சொல்லாது விட்டது யாது, சொன்னவற்றுள் இன்று நம்மோடு மாறுபடுவது யாது என வினவுதலே அதற்கு நாம் செய்யும் மதிப்பாகும்.

முதற்கண் மேலைக் கோட்பாடுகளைச் சுருங்கக் காண்போம். தலைமை நடத்தும் முறைகளைச் சோதனை வழியாக ஆராய்ந்தவருள் முன்னோடி கர்ட் லெவின் என்பார். அவரும் லிப்பிட், ஒயிட் என்னும் இருவரும் அமெரிக்க நாட்டு அயோவாவில் பத்து வயதையொட்டிய சிறுவரை ஐவர் ஐவராகக் குழுவமைத்து, முகமூடி செய்தல் முதலிய கைவேலைகளில் ஈடுபடுத்தினர். ஏவல்வழித் தலைமை, கலந்தாய்வுத் தலைமை, தலையிடாத் தலைமை என்னும் மூவகையின் கீழும் அச்சிறுவர் நடந்துகொண்ட முறையைக் குறித்து 1939-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஏவுகின்ற தலைவர் உடனிருந்தபோது வேலை மிகுதியாக நடந்தது. அவர் அறையைவிட்டு நீங்கியதும் குன்றியது. கலந்தாய்கின்ற தலைவர் நீங்கியபோதோ வேலை பெரிதும் குன்றவில்லை. பிற்காலத்தே, பின்பற்றுவோரின் பக்குவத்திற்கேற்ப முறையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்னும் கொள்கையை ஹெர்சி, பிளான்சர்டு என்போர் 1969-இலும், தலைவன் முதற்கண் தொண்டனாதல் வேண்டும் என்பதனைக் கிரீன்லீஃப் 1970-இலும், கொடுத்து வாங்கும் தலைமை வேறு, ஆளையே உயர்த்தி மாற்றும் தலைமை வேறு என்பதனைப் பர்ன்ஸ் 1978-இலும் கூறினர். கிரீன்லீஃப் பெரிய தொலைபேசி நிறுவனம் ஒன்றில் பணிசெய்தவர். பர்ன்ஸ் அரசியல் வரலாற்றாளர். பள்ளிக்கூடத்திற்கென முளைத்தவை அல்ல இவை. பிற நிலத்து நாற்றுக்கள்.

இவை அனைத்திற்கும் பொதுவானதொரு கோடல் உண்டு. பின்பற்றுவோர் முன்னரே வந்து நிற்கின்றனர் என இவை கொள்கின்றன. அவரை எவ்வாறு நடத்துவது என்பதே வினா. யாவர் வரலாம், யாவர் வரலாகாது என்பது இவற்றின் வினாவன்று. நன்னூற் பாயிரமோ அவ்வினாவினை மறையாது எழுப்பி, மறையாது விடையும் கூறுகின்றது. இவ்வேறுபாட்டினை நோக்காது உவமைகளை மட்டும் பொருத்துவோர், வீட்டின் வாயிலைப் பாராது மாடத்தைப் புகழ்வாரை ஒப்பர்.

பாயிரத்தின் அமைப்பினைக் காண்க. பொதுப்பாயிரத்தின் உறுப்புக்கள் ஈவோன் தன்மை, ஈதல் இயல்பு, கொள்வோன் தன்மை, கோடல் மரபு என நான்கெனப் பழைய உரைமரபு கூறும். நன்னூல் இவற்றோடு நூலினையும் கூட்டி ஐந்தாக்கி, ஈவோனை நுவல்வோன் என்று பெயரிடும். இவற்றுள் தலைமை என்னும் சொல்லுக்கு ஆசிரியன்பால் இடமில்லை. தலை என்னும் சொல் வருவது மாணாக்கர்க்கே. அன்னமும் ஆவும் போல்வார் தலை மாணாக்கர்; மண்ணும் கிளியும் போல்வார் இடை மாணாக்கர்; ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போல்வார் கடை மாணாக்கர். இன்று நாம் வழங்கும் தலைமையாசிரியர் என்னும் தொடர் ஆங்கிலப் பதவிப்பெயரின் மொழிபெயர்ப்பு. பழந்தமிழ் ஆசிரியனுக்கு மேலே மற்றோர் ஆசிரியன் இலன். ஆசிரியன் என்னும் சொல்லைக் குற்றத்தைப் போக்குவோன் எனப் பிரித்துப் பொருள் கூறுவாரும் உளர். அது சொல்லின் வரலாறு ஆகாது. ஆசாரியன் என்னும் வடசொல்லோடு அதற்குள்ள உறவினை மொழிநூலார் காட்டியுள்ளனர். ஆயினும், அப்பொருள் எழுந்தமையே தமிழ்நாட்டார் ஆசிரியனிடம் எதிர்பார்த்தது ஆட்சியன்று, தெளிவு என்பதனைப் புலப்படுத்தும்.

இனி உவமைகளைப் பார்ப்போம். ஆசிரியர்க்குரிய நான்கனுள் முதலாவது நிலம். வன்மையும் பொறையும் உடையதாய், உழுவோன் செய்யும் முயற்சியின் அளவிற்குப் பயன் தருவது நிலம் என்பது கருத்து. இதே பாயிரத்தில் மாணாக்கர்க்குக் கூறிய உவமைகளுள்ளும் மண் வருகின்றது. உழுவோன் முயற்சியின் அளவிற்கே பயன் தரும் இடை மாணாக்கனுக்கு அஃது உவமை. ஆசிரியனும் நிலம், மாணாக்கனும் நிலம் எனின் உழுவோன் யாவன்? ஆசிரியனை நிலம் என்னுமிடத்து உழுவோன் மாணாக்கன். மாணாக்கனை மண் என்னுமிடத்து உழுவோன் ஆசிரியன். ஓருவமை இருவரிடையே இடம்மாறி நிற்கின்றது. நாம் அறிந்தவரையில் உவமைகளைப் பொருத்திக் காட்டும் கட்டுரைகள் இதனைக் கருதவில்லை. நிலத்தைத் தொண்டுவழித் தலைமை எனக் கூறுவார், ஆசிரியன் தாழ்ந்து நின்று கொடுக்கின்றான் என்றே கொள்கின்றனர். நூலின் கருத்து அதனினும் கூரியது. கேட்பவன் உழாவிடின் ஆசிரியனிடத்தும் விளைவில்லை. எனவே, தலைமை என ஒன்று உண்டாயின் அஃது ஒருவரிடம் தங்கியிருப்பதன்று.

இதற்கு வலியூட்டுவது மற்றொரு நூற்பா. ஆசிரியன் உரைத்ததனை எவ்வளவு நன்கு கேட்பினும் மாணாக்கன் பெறுவது காற்பகுதியே. உடன்கற்பாரோடு பழகுவதனால் மற்றொரு காற்பகுதி வரும். எஞ்சிய அரைப்பகுதியும் தான் பிறர்க்கு உரைக்கும்போதே நிரம்பும். ஆசிரியனின் பங்கு கால் என வரையறுத்த துணிவு வியக்கத்தக்கது. லெவினின் அறையில் தலைவர் நீங்கியபின் என்ன நிகழ்ந்தது என்பதே சோதனையாயிற்று. நன்னூலார் கணக்கின்படி கல்வியின் முக்காற்பகுதி ஆசிரியன் நீங்கிய இடத்திலேயே நிகழ்வது. இஃது ஒப்புமை கூறுதலன்று. இரண்டும் வெவ்வேறு வழியாக வந்து ஒரே வினாவின்முன் நிற்பதனைச் சுட்டுகின்றோம்.

ஆயின், இவ்வழகிய பகுதியோடு நின்றுவிடுதல் நேர்மையாகாது. கோடல் மரபு கூறுமிடத்து மாணாக்கன் ஓவியப் பாவைபோல் அடங்கி, இருக்கச் சொன்னபோது இருந்து, சொல்லச் சொன்னபோது சொல்லுதல் வேண்டும் எனப் படுகின்றது. தீக்காய்வான்போல் அகலாதும் அணுகாதும் நின்று பழகுதல் வேண்டும். ஏவல்வழித் தலைமை இதனுள் இல்லை என ஒருவர் கூறுவாராயின், அவர் நூற்பாவினைப் படித்திலர் என்றே கருதவேண்டும். ஆசிரியர் ஆகாதாரைக் கூறும் பகுதியோ வேறொரு சுவையுடையது. கழற்குடத்திற் பெய்த கழற்காய் பெய்த முறையில் வெளிவாராதவாறு போல முறைபிறழ்ந்து உரைப்பவன். மடல் சூழ்ந்து பிறர் ஏறற்கரிதாய் நின்று தானே வீழ்த்தும்போதன்றிப் பழம் தாராத பனை போல்பவன். பஞ்சு திணித்த குண்டிகை போல ஏற்பதும் கொடுப்பதும் அரிதாயவன். ஒருவர் நீர்வார்க்க வேறொருவர்க்குக் காய் உதிர்க்கும் முடத்தெங்கு போல்பவன். நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இந்நால்வரையும் நேரிற் கண்டிராதார் இலர். பல்கலைக்கழகத் துறைகளும் இதற்கு விலக்கல்ல.

இனி நாம் கூறவந்த பொருளுக்கு வருவோம். ஆசிரியன் இலக்கணத்தின் தொடக்கத்தில் நிற்கும் சொல் குலன் என்பது. அருளும் தெய்வக்கொள்கையும் கலைத்தெளிவும் அதன் பின்னரே வருகின்றன. மாணாக்கர் ஆதற்குரியார் இன்னார் என்னும் நூற்பாவில் தன்மகன், ஆசான்மகன், மன்னன்மகன், பொருளை மிகக் கொடுப்பவன், வழிபடுபவன், சொன்னதை விரைந்து கொள்பவன் என அறுவர் உளர். உரியரல்லாதார் பட்டியலோ நெடியது. கள்ளுண்பான், கள்வன், வஞ்சகன் ஆகியோரை விலக்கியதில் வழக்கில்லை. அவரோடு பிணியனும், மந்தனும், பழைய நூல்களுக்கு அஞ்சி மனந்தடுமாறுவானும் விலக்கப்படுகின்றனர். நோயுற்ற பிள்ளைக்கும், மெல்லக் கற்கும் பிள்ளைக்கும், பாடத்தைக் கண்டு அஞ்சும் பிள்ளைக்கும் நூல் உரைக்கலாகாது என்பதே இதன் பொருள். அஞ்சுவானுக்கு அன்றோ ஆசிரியன் வேண்டும்?

இங்கு ஓர் உள்முரண் உண்டு. ஓட்டைக் குடம் போல்வாரையும், நல்லதை ஒழுகவிட்டு அழுக்கைப் பிடித்துக்கொள்ளும் நெய்யரி போல்வாரையும் கடை மாணாக்கர் எனவேனும் நூல் உள்ளே வைத்துள்ளது. மந்தனை மட்டும் வெளியே நிறுத்துகின்றது. நெய்யரிக்குக் கிடைத்த இடம் மந்தனுக்குக் கிடையாமைக்குக் காரணம் கூறப்படவில்லை. பொதுப்பாயிரம் முழுவதும் பவணந்தியார் வாக்கன்று, பல காலத்துச் சூத்திரங்களின் தொகுப்பு எனக் கருதுவார்க்கு இம்முரண் ஒரு சான்றாகலாம். அவ்வாறாயின், யாவரைச் சேர்ப்பது என்பதில் பழங்காலத்திலேயே இருவேறு கொள்கை இருந்தது என்பதும் பெறப்படும். புறநானூற்று 183-ஆம் பாட்டினை இயற்றிய பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், கீழ்ப்பிறந்தான் ஒருவன் கற்பின் மேற்பிறந்தானும் அவன்பாற் கற்கச் செல்வான் என்றனன். அரசன் கூற்றில் இல்லாத தடை ஆசிரியர் இலக்கணத்தில் முதற்சொல்லாய் நிற்பதனை என்னென்பது!

நன்னூலுக்கு நமக்குக் கிடைத்த பழைய உரையினைச் செய்தவர் மயிலைநாதர். மயிலாப்பூரில் எழுந்தருளியிருந்த சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதரின் பெயரே இவ்வுரையாசிரியர்க்கு ஆயிற்று என்பர். குணவீர பண்டிதர் தம் இலக்கணநூலுக்கு நேமிநாதம் எனப் பெயரிட்டதும் அம்மயிலை நாதரைக் கருதியே. தம் பாட்டியல் நூலுக்கோ ஆசிரியர் வச்சணந்தியின் பெயரால் வச்சணந்திமாலை எனப் பெயரிட்டார். ஒரு நூலுக்குக் கடவுள் பெயரும் மற்றொரு நூலுக்கு ஆசிரியர் பெயரும் வைத்தவரின் ஊர்ப்பற்று நமக்கு ஒரு வசதியினைத் தருகின்றது. ஆசிரியர் இலக்கணம் பற்றிய பழைய சிந்தனை எந்த மயிலையோடு தொடர்புற்றதோ, அதே மயிலையிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் அவ்விலக்கணம் இருபதாம் நூற்றாண்டில் எவ்வாறு சோதிக்கப்பட்டது என நாம் காணலாம்.

அதற்குமுன் இடைநிற்கும் ஒருவரைக் குறிப்பிடல் வேண்டும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815 - 1876) பழைய முறையின் கடைசிப் பேராசிரியர். பள்ளிக்கூடமும் பதவியும் இன்றி, மாணாக்கர் சூழ இருந்தவர். அவருடைய மாணாக்கருள் கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளையும், நாகூர் குலாம் காதிறு நாவலரும், உ. வே. சாமிநாதையரும் இருந்தனர். குலன் என்னும் முதற்சொல்லை அவர் மாணாக்கர் திறத்தே கடந்துவிட்டார். எனினும், 1871-இல் சாமிநாதையர் அவரிடம் வந்து சேர்ந்தபோது பாடம் சொல்வதற்குத் தடையிருக்கவில்லை. அவ்விளைஞர் எங்கு உண்பது என்பதே இடர்ப்பாடாயிற்று. 'என் சரித்திரம்' இதனை ஒளியாது கூறும். அறிவின் வாயில் திறந்தபோதும் அடுக்களை வாயில் திறக்கவில்லை. ஆசிரியன் தனியொருவனாக நின்று எவ்வளவு தடையைக் கடக்கலாம், எவ்விடத்தே நிறுவனம் வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நிறுவனத்தின் கதை சென்னையில் வேறுவகையில் தொடங்கிற்று. அடையாற்றில் பிரம்மஞான சங்கத்தை நிறுவியவருள் ஒருவராகிய கர்னல் ஆல்காட், 1894-இல் அப்பகுதியில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியொன்றைத் தொடங்கினார். பின்னர் ஆல்காட் நினைவுப் பள்ளி என வழங்கியது அதுவே. அக்காலத்தில் அவரோடு தொடர்புகொண்டு தம் மக்களின் கல்விக்காகப் பாடுபட்டவர் அயோத்திதாசப் பண்டிதர் (1845 - 1914). ஓலைச்சுவடிகளிற் பயின்ற தமிழ்ப்புலவர் அவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பழைய நூலறிவு உடையவரே பழைய வாயிலைத் திறக்கவும் முனைந்தனர்.

நம் ஆராய்ச்சிக்கு மிகவும் பொருந்துவது சகோதரி சுப்பலட்சுமியின் வரலாறு. 1886-இல் பிறந்து, இளமையிலேயே மணமாகிக் கைம்மையுற்று, பெற்றோர் துணையாற் பயின்று, 1911-இல் மாநிலக் கல்லூரியிலிருந்து இளங்கலைப் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம்பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவரே. இளங்கைம்பெண் சிலரைத் தம் இல்லத்திற் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார். 1912-இல் சாரதா மகளிர் சங்கத்தை நிறுவினார். பெண்கல்வித் துறை மேற்பார்வையாளராயிருந்த கிறிஸ்டினா லிஞ்சு அம்மையாரின் துணையும் அரசின் துணையும் கிட்டின. அவ்வில்லம் பின்னர்க் கடற்கரைக்கு எதிரேயுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இயங்கியது. 1922-இல் தொடங்கிய லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு அவரே முதல் முதல்வர். சாரதா வித்தியாலயத்தை நிறுவினார். இராமகிருஷ்ண மிஷன் அதனை ஏற்றுத் தியாகராயநகரில் நடத்தலாயிற்று. 1956-இல் மயிலாப்பூரில் வித்யா மந்திர் பள்ளி தோன்றியதிலும் அவர் பங்கு பெரிது. 1969 திசம்பரில் மறைந்தார்.

இவ்வரலாற்றை நன்னூலின் நான்காம் உவமையோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஆசிரியர்க்கு மலரை உவமை கூறியவர், அதன் முதற்பண்பாகக் கொண்டது மங்கலம். மங்கலப் பொருளாய், எந்நற்செயற்கும் இன்றியமையாததாய், யாவரும் விரும்பிச் சூடிக்கொள்வதாய், மென்மையதாய், உரிய பொழுதில் மலர்வதாய் இருப்பது மலர். சுப்பலட்சுமியும் அவர்தம் மாணவியரும் யாவர்? மலர் சூடுதல் மறுக்கப்பட்டவர். மணவீட்டின் முன்கட்டிற்கு வாராதிருக்கப் பணிக்கப்பட்டவர். எதிரே வந்தால் தீக்குறி எனக் கருதப்பட்டவர். அமங்கலம் எனச் சமூகம் ஒதுக்கிய அப்பெண்களையே அவர் ஆசிரியர்களாக ஆக்கினார். அவர்கள் சென்று கற்பித்த வகுப்பறைகளில் தாய்மார் தம் பெண்மக்களைக் கொண்டுவந்து அமர்த்தினர். இந்நிலையில் நன்னூலுவமையின் கதி யாது? உவமை பொய்த்தது என்பது ஒன்று. மங்கலம் என்னும் சொல்லின் பொருளை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. பின்னதையே நாம் கொள்கின்றோம். மங்கலம், இன்றியமையாமை என்னும் இரண்டனுள் இன்றியமையாமையே காரணம். மங்கலம் அதன் விளைவு. எது இன்றி நற்செயல் நடைபெறாதோ அது மங்கலம். நூற்பாவின் சொற்கிடக்கை இதற்கு இடந்தருகின்றது. ஆனால், இப்பொருளை உரையாசிரியர் எவரும் சொல்லித்தரவில்லை. கைம்பெண் ஒருத்தி பள்ளிக்குத் தலைமை தாங்கிய பின்னரே நமக்கு அது புலனாகின்றது.

அவர்க்கு வழங்கிய பெயரும் கருதத்தக்கது. கல்லூரி முதல்வராக இருந்தும் ஊரார் அவரைச் சகோதரி என்றே அழைத்தனர். ஈவோன் என்றும் நுவல்வோன் என்றும் பழையோர் கூறியது கொடுப்பவனைக் கொள்பவனினும் மேலே நிறுத்தும். உடன்பிறந்தாள் என்பது அருகே நிறுத்தும். கிரீன்லீஃபின் தொண்டுத் தலைவன் என்னும் கருத்துப் பிறப்பதற்கு முன்னரே இஃது இருந்தது என நாம் மார்தட்டவில்லை. அவ்வாறு தட்டினால் நாம் மறுத்த பிழையினையே நாமும் செய்தவராவோம். தொண்டன் என்னும் சொல்லினும் உடன்பிறந்தாள் என்னும் சொல் கைம்பெண்ணுக்கு அணுக்கமாயிருந்தது, ஏனெனின் அவளுடைய இழிவில் அத்தலைவிக்கும் பங்கிருந்தது என்பதே நாம் கூறவருவது.

இனி இதன் மறுபுறத்தையும் கூறவேண்டும். ஐஸ் ஹவுஸ் இல்லம் பிராமணக் கைம்பெண்களுக்கென அமைந்தது. அக்காலச் சமூகத்தின் எதிர்ப்பினைத் தாங்குதற்பொருட்டு அவ்வாறு அமைத்தனர் என்பர். அக்காரணத்தை நாம் மறுக்கவில்லை. காரணம் உண்மையாயினும், குலன் என்னும் நன்னூலின் முதற்சொல் அந்த வாயிலிலும் நின்றது என்பதும் உண்மையே. ஐஸ் ஹவுஸை அடுத்த குப்பத்து மீனவர் பிள்ளைகளுக்கும் சுப்பலட்சுமி பள்ளி அமைக்க முயன்றார் என்பதனை நினைக்கும்போது, தம் இல்லத்தின் எல்லை அவர்க்கு உறுத்தியிருத்தல் வேண்டும் எனக் கருதத் தோன்றுகின்றது. ஒரு வாயிலைத் திறந்தவர் மற்றொரு வாயிலை மூடியபடியே விடநேர்தல் தலைமையின் இயல்பு போலும். அவரைப் புகழ்வோர் இதனை மறைத்தலும் தகாது; இதனையே கூறி அவர் செய்ததனைச் சிறிதாக்குதலும் தகாது.

லெவினின் ஆய்வு வெளிவந்த அதே 1939-ஆம் ஆண்டின் இறுதியில் மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாறு வந்து சேர்ந்தார். பிரம்மஞான சங்கத்தின் தோட்டத்தில் கீற்றுக் கொட்டகைகளில் ஏறத்தாழ முந்நூறு ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும், இத்தாலியராகிய அவருடைய மகன் காவலில் வைக்கப்பட்டார். அம்மையார் சங்க எல்லைக்குள் இருக்குமாறு கட்டுப்படுத்தப்பட்டார். அவருடைய எழுபதாம் பிறந்தநாளையொட்டியே மகன் விடுவிக்கப்பட்டார். அவர் முறையில் ஆசிரியை வழிகாட்டுபவரேயன்றிச் சொல்லிக்கொடுப்பவர் அல்லர்; குழந்தை வேலையில் ஆழ்ந்தபின் விலகி நிற்றலே அவர் கடமை. நன்னூல் ஆசிரியனுக்கு வைத்த காற்பங்கினையும் இதனையும் ஒருங்குவைத்து ஆராய்வார் இருப்பின், அது பயனுடைய ஆராய்ச்சியாகும். ஓவியப் பாவைபோல் அடங்கியிருக்கும் மாணாக்கனை மட்டும் மாண்டிசோரி அம்மையார் ஏற்றிருக்கமாட்டார்.

இவையெல்லாம் பழங்கதையெனின் நாம் இக்கட்டுரையை எழுதவேண்டியதில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம், பள்ளியிற் சேர்க்கும்போது நன்கொடை வாங்குதலையும், பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வுசெய்து வடிகட்டுதலையும் தடைசெய்கின்றது. தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நான்கில் ஒரு பங்கினை நலிந்த பிரிவினர்க்கு ஒதுக்குகின்றது. இச்சட்டத்தை நன்னூற் பாயிரத்தின் அருகே வைத்துப் படிப்பார்க்கு ஓருண்மை விளங்கும். பொருளை மிகக் கொடுப்பவனைத் தள்ளுக என்றும், மந்தனைக் கொள்க என்றும் சட்டம் கூறுகின்றது. பாயிரத்துக் கொள்வோன் பட்டியலை இது தலைகீழாக்குகின்றது எனினும் பொருந்தும். ஆயின், சட்டம் மாற்றிய பட்டியலைப் பள்ளிகளின் வழக்கம் மாற்றியதா? ஆசான்மகன் என்னும் சலுகை, பழைய மாணவர் பிள்ளைக்கு முன்னுரிமை என வேறுபெயரில் நடமாடுகின்றது. பொதுத்தேர்விற் பள்ளியின் தேர்ச்சி முழுமையாதல் வேண்டி, மெல்லக் கற்கும் மாணவனை ஒன்பதாம் வகுப்போடு வேறு பள்ளிக்கு அனுப்பிவிடும் வழக்கத்தைப் பெற்றோர் பலர் அறிவர். அவ்வாறு அனுப்புகின்ற தலைமையாசிரியர், மாணவரைக் கலந்தாய்கின்றவராயிருக்கலாம்; இன்முகம் உடையவராயிருக்கலாம்; தலைமைக் கோட்பாட்டு நூல்கள் கூறும் நல்லியல்பு எல்லாம் உள்ளே இருக்கும் மாணவரிடம் வாய்க்கப்பெற்றவராகவும் இருக்கலாம். அந்நூல்களின் அளவுகோலால் அவரைக் குறைகூற இயலாது. வெளியே அனுப்பப்பட்டவன் அவ்வளவுகோலுக்குள் அகப்படுவதில்லை.

எனவேதான், தலைமையாசிரியரின் தலைமையை நன்னூலில் தேடுவோர் ஆசிரியன் இலக்கணத்தில் தேடுதல் இடமறியாமை என்கின்றோம். அதனைத் தேடவேண்டிய இடம் கொள்வோன் தன்மையைக் கூறும் பகுதி. வகுப்பறையினுள் ஈவோனாக இருப்பவரே வாயிலில் தலைவராகின்றார். ஆல்காட்டும் சுப்பலட்சுமியும் செய்தது அவ்விடத்து வேலை. மேலைக் கோட்பாடுகள் வினவாது விட்டதனைத் தவறாக விடைகூறியேனும் வினவிய பெருமை நம் பாயிரத்திற்கு உண்டு.

இவ்வாராய்ச்சியை மேற்கொண்டு நடத்துதற்குரிய கருவிகள் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. நன்னூலை மயிலைநாதர் உரையோடு 1918-இலும் சங்கரநமச்சிவாயர் உரையோடு 1925-இலும் பதிப்பித்தவர் சாமிநாதையர். அவருடைய சுவடிகளையும் நூல்களையும் காத்தற்கு ருக்மிணிதேவி அருண்டேலின் முயற்சியால் 1943-இல் அடையாற்றில் அமைந்த நூல்நிலையம், இன்று பெசன்ட் நகரில் இயங்குகின்றது. பொதுப்பாயிரச் சூத்திரங்களுள் பழைய உரைகளில் மேற்கோளாக வருவன எவை, நன்னூலில் மட்டும் காணப்படுவன எவை எனப் பிரித்தறிந்தால், கடை மாணாக்கனை உள்ளே வைத்த மரபும் மந்தனை வெளியே நிறுத்திய மரபும் ஒன்றா இரண்டா என்பது தெளிவாகலாம். முதுகலை மாணவர் ஒருவர் இதனை மேற்கொள்வாராயின், மந்தன் என்னும் சொல் நிற்கும் நூற்பாவிலிருந்து தொடங்குக. ஒவ்வோர் உரையாசிரியரும் அச்சொல்லுக்கு என்ன பொருள் எழுதினார், எவர் அதனை விளக்காது கடந்தார் என்பதனை முதற்கண் குறித்துக்கொள்க.